ஆள் இருந்தால் ஓடாது

இது கற்பனை இல்லை. கூரியர் ஆபீஸில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்குப் பட்டப்பகலில் நடந்தது. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளலாம்.

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். அணுத்துகள்களை மோதவிட்டுப் பார்க்கும் ஓர் ஆராய்ச்சிக்கூடத்துக்குத் தன் கம்ப்யூட்டரை இரவல் கொடுத்திருந்தான். சும்மா கிடக்கும் நேரத்தில் அது இணையம் வழியாக அவர்களுக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கும். அப்போது அதன் விசிறி இரையும். யாராவது வந்து உட்கார்ந்து தொட்டால் கணக்கு நின்றுவிடும், சத்தமும் அடங்கிவிடும்.

போன மாதம் மாரடைப்பில் போய்விட்டான். இதயக் கோளாறு ஒரு வருஷமாகவே அவனுக்குத் தெரியும் என்றார் டாக்டர். அவளிடம் மூச்சுகூட விடவில்லை. அழ வேண்டியவளுக்கு ஆத்திரம்தான் பொங்கியது. ஊர் உலகத்துக்கெல்லாம் உபகாரம், கட்டினவளிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?

கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடப் போனாள். கொழுந்தன்தான் கெஞ்சினான். "அண்ணன் ஆசையா ஓடவிட்டது, அண்ணி. ஓடட்டுமே."

ஒருநாள் ஆபீஸில் தலைவலி. மதியமே லீவு போட்டுவிட்டு வந்து படுத்தாள். பக்கத்து அறையில் அது இரைந்துகொண்டிருந்தது. ர்ர்ர்ர்...

சட்டென்று நின்றது.

கரண்ட் போகவில்லை. தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

எழுந்து போய்ப் பார்த்தாள். அறையில் யாரும் இல்லை. 'ஆள் வேலை செய்கிறார்' என்றது திரை.

நாற்காலியில் கை வைத்தாள்.

வெதுவெதுப்பாக இருந்தது...

க்றீச்.

நாற்காலி லேசாகத் திரும்பியது.

பாதி பயம். மீதி கோபம். ஒருநாளும் அவனை 'நீ' என்று சொல்லாதவள் கத்தினாள்.

"உயிரோட இருந்தப்ப சொல்ல வாய் வரல. இப்ப வந்து உக்காந்திருக்கியா? எந்திரி! என் வீட்டை விட்டுப் போ!"

நிசப்தம்.

பிறகு...

ர்ர்ர்ர்.

மறுநாள் ஆபீஸில் பக்கத்து சீட்டுப் பெண் கேட்டாள். "நேத்து நீங்க போனப்புறம் உங்க கம்ப்யூட்டர்ல யாருக்கா உக்காந்தது?"

"யாரும் இல்லையே. ஏன்?"

"உங்க வீட்டுக்காரர் போன வருஷம் இதுலயும் அந்தத் துகள் கணக்கைப் போட்டுட்டுப் போனாரு. உங்ககிட்ட சொல்லாதேன்னாரு. நீங்க எந்திரிச்சுப் போனா ஓடும். நேத்தும் நல்லாத்தான் ஓடுச்சு. திடீர்னு நின்னுடுச்சு. ஆபீஸைப் பூட்டுற வரைக்கும் ஓடவே இல்லக்கா."

"எப்ப நின்னுச்சு?"

"மூணு மணிக்குக் கொஞ்சம் முன்னால."

அவள் வீட்டில் நின்று கத்தியதும் அப்போதுதான்.

அன்று முழுக்க அவள் நின்றுகொண்டே வேலை பார்த்தாள்.