ஆறாவது எலி

என் வலது உள்ளங்கையின் குறுக்கே ஒரு தழும்பு இருக்கிறது. கொடுத்தவள், பெங்களூரில் நான் ஆராய்ச்சி செய்த ஆய்வகத்தின் சீனியர் அக்கா. அவள் உதட்டில் இருக்கும் தழும்பு நான் கொடுத்தது.

மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஒரு புரதத்தைக் கண்டறிய எங்களிடம் ஓர் ஆன்டிபாடி மருந்து இருந்தது. சின்ன டியூபில் சில சொட்டுகள், அவ்வளவுதான். எலித் தசையின் சாற்றை ஒரு வெள்ளைத் தாளில் ஏற்றி, அதை இந்த மருந்தில் ஊறவைத்தால் புரதம் இருக்கும் இடத்தில் மருந்து ஒட்டிக்கொள்ளும். கருவியில் படமெடுத்தால் அங்கே கறுப்புக் கோடு விழும். மருந்து மிச்சமாகட்டும் என்று, கோடு வரும் இடத்தை மட்டும் பட்டையாக வெட்டிப் போடச் சொல்லிக்கொடுத்தவள் அக்காதான். நான்கு வருடம் வெட்டினேன். என் தீசிஸ், அவளுடைய பேப்பர் எல்லாம் அந்தக் கோடுகளை நம்பித்தான் நின்றன.

பேப்பரைப் பரிசீலித்தவர்கள் ஒரே ஒரு சோதனை கேட்டார்கள். அந்தப் புரதமே இல்லாமல் பிறந்த எலியின் சாற்றை, வழக்கமான ஐந்து எலிகளின் சாற்றுக்குப் பக்கத்தில் ஆறாவதாக ஏற்றினோம். ஆன்டிபாடி சரியானதென்றால் அங்கே ஒன்றும் தெரியக்கூடாது. படத்தில் ஆறாவது இடத்திலும் தடியாக ஒரு கோடு. நான்கு வருடமாக அந்த ஆன்டிபாடி வேறு எதையோ பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

அக்கா அந்தப் படத்தை அழித்துவிட்டு பிளேடை எடுத்தாள்.

"ஆறாவத கட் பண்ணிட்டு வெறும் தாள வச்சு போட்டோ எடுத்துரலாம்டி. கட் பண்றது நமக்குப் புதுசா?"

ஸ்ரீராம்புரத்துக் குழாயடியில் குடத்தால் மண்டையை உடைத்துக்கொண்டவர்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். பிளேடோடு அவள் கையைப் பிடித்து முறுக்கினேன். உள்ளங்கை கிழிந்தது. மறுகையால் வாயிலேயே அறைந்தேன். அவள் என் முடியைப் பிடித்து மேசை விளிம்பில் மோதினாள். கண்ணாடித் தட்டுகள் விழுந்து நொறுங்கின. அவளைக் கொன்றுவிடலாம் போலிருந்தது. அவள் சொன்னபோது ஒரு நொடி எனக்கும் அந்த ஆறாவது கோட்டை வெட்டிவிடலாம் என்று தோன்றியிருந்தது. அந்த ஆத்திரத்தையும் அவள் மேலேயே காட்டினேன்.

இரத்தம் சொட்டச் சொட்டத் தாளைப் பிடுங்கிக் கருவிக்குள் வைத்து மறுபடி படமெடுத்தேன். சொட்டு விழுந்த இடமெல்லாம் கறுப்பாகவே பதிந்திருந்தது. இரத்தமும் அந்தக் கருவியில் அப்படித்தான் விழும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

சத்தம் கேட்டு ஓடிவந்த என் ஆராய்ச்சி கைடு, என் கையைப் பார்க்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இதில் எது இரத்தம், எது புரதம் என்று கேட்டார்.

"நாலு வருஷமா தெரியல சார்" என்றேன்.