இறால் உரித்தபடி அம்மா சொன்ன பதில்

ஐந்தாம் ஆண்டு ஸ்கொலர்ஷிப் சோதனையைக் கொழும்பு வெள்ளவத்தையில் பிள்ளைகள் எழுதுவதில்லை. தாய்மார்தான் எழுதுவார்கள், நாங்கள் பேனையைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டு வருவோம். "நீ பாஸ் பண்ணாட்டி நான் செத்துப்போவன்" என்று எங்கள் ஒழுங்கையில் சொல்லாத அம்மாவே கிடையாது. என்ன கேடோ, நான் மட்டும் அதை நம்பிவிட்டேன்.

ஒருநாள் மாதிரி வினாத்தாளைக் கண்டதும், காலையில் தின்றதெல்லாம் வெளியே வர, வகுப்பிலேயே சத்தி எடுத்தேன். புதிதாக வந்திருந்த கவுன்சிலிங் மிஸ்ஸிடம் அனுப்பினார்கள். மூளை பிசகிய விசரர்களைத்தான் அங்கே அனுப்புவார்கள் என்பது வகுப்பின் முடிவு. மிஸ்ஸோ பிஸ்கட் தந்து, மெதுவாக என் கதையைக் கேட்டார். அம்மா செத்துப்போவார் என்ற பயத்தைச் சொன்னேன். மனதில் வருகிற நினைப்பெல்லாம் உண்மை இல்லை, அதற்கு ஆதாரம் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கவேண்டும் என்றார்.

"அம்மாட்டையே கேட்டுப் பாருங்கோ. அவ சிரிப்பா" என்றும் சொன்னார்.

அன்று பின்னேரம் அம்மா குசினியில் இறால் உரித்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்குக் கட்டாரில் வேலை, வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"அம்மா, நான் பாஸாகாட்டி உண்மையா செத்துப்போவீங்களோ?"

அம்மா சிரிக்கவில்லை. ஏசவும் இல்லை. கையிலிருந்த இறாலையே பார்த்துக்கொண்டு, "ஓம்" என்றார். பிறகு, கறிக்கு உப்புக் காணுமா என்று கேட்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னார்:

"பாஸாகினாலும் தெரியாது, பிள்ளை."

எனக்கு அழுகைகூட வரவில்லை.

மறுநாள் கேட்டதைக் கேட்டபடியே மிஸ்ஸிடம் ஒப்புவித்தேன். மிஸ்ஸின் முகம் வெளிறிப்போனது. நான் பிழையாகக் கேட்டுவிட்டேனோ என்று பயந்தேன். இல்லை, நீங்கள் நல்ல பிள்ளை என்று சொல்லிக்கொண்டே அவர் போனை எடுத்தார். சீலை உடுக்காமல் காலி வீதி என்ற அந்தப் பெருந்தெருவில் கால் வைக்காத என் அம்மா, வீட்டுச் சட்டையோடு, தலையும் சீப்பால் இழுக்காமல் ஓடிவந்தார். கதவைச் சாத்தினார்கள். உள்ளே அம்மா விம்மி அழுவது கேட்டது. மிஸ் ஏசுகிறார் என்று நினைத்தேன். நல்லா வேணும் என்றுகூட இருந்தது எனக்கு.

அதன்பிறகு அப்பா திடீரென்று லீவில் வந்தார். அம்மா களுபோவிலை ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் போகத் தொடங்கினார். பிரஷர் என்றார்கள், நானும் பிரஷர் என்றே எல்லோருக்கும் சொன்னேன்.

சோதனையில் நான் பாஸாகவில்லை. முடிவு வந்த அன்று, எந்த நிமிடமும் விழப்போகிறார் என்று அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்ன முழிசிக்கொண்டு நிக்கிறாய்? பசிக்குதோ?" என்று கேட்டு, புட்டை எடுத்துப் போட்டார்.

அப்பாடா, மிஸ் சொன்னது சரி, என் நினைப்புத்தான் பிழை என்று வயிறு முட்டச் சாப்பிட்டேன். நான் நினைத்தது பிழையே இல்லை என்பதும், அதுவரை அம்மாவிடம் அந்தக் கேள்வியை ஒருவருமே கேட்டிருக்கவில்லை என்பதும் அன்று புட்டுத் தின்ற அந்தப் பிள்ளைக்குத் தெரியாது.