ரிப்பன் வெட்டும்வரை

'தலைவர்' என்ற சொல் காதில் விழுந்தாலே இப்போதெல்லாம் அவளுக்குக் குமட்டுகிறது. ஆனால் பத்து வருஷத்துக்கு மேல் அந்தச் சொல்லை வைத்துத்தான் அவள் பிழைத்தாள்.

நூலகத்தின் மாடியில் இயங்கிய ஒரு தொண்டு நிறுவனத்தில், இளைஞர் தலைமைப் பயிற்சிக்கு அவள் ஒருங்கிணைப்பாளர். கல்லூரி வாசல், தொழிற்பேட்டை, துணிக்கடை என்று அலைந்து இருபது வயதை ஒட்டிய பிள்ளைகளைத் திரட்டுவாள். சனிக்கிழமைதோறும் வகுப்பு. கூட்டம் நடத்துவது எப்படி, மனு கொடுத்துவிட்டு அதன் பின்னாலேயே நடப்பது எப்படி, எதிர்த்துப் பேசுகிறவனை முழுசாகப் பேசவிடுவது எப்படி என்றெல்லாம் சொல்லிக்கொடுப்பாள். கடைசியில் ஊரின் குறை ஒன்றைப் பிள்ளைகளே தேர்ந்தெடுத்து, முட்டி மோதித் தீர்க்க வேண்டும். நாற்காலி விரிப்பதிலிருந்து, சண்டை போட்டுக்கொண்டு நின்றுபோன பிள்ளையை வீடு தேடிப் போய் அழைத்து வருவதுவரை எல்லாம் அவள் தலையில்தான்.

"ஊருக்கெல்லாம் தலைவர் தயார் பண்றா, வீட்ல டியூப் லைட்டு மாத்த ஒரு ஆளக் காணோம்" என்பார் மாமியார். ஃப்ரிட்ஜ் பழுதுபார்க்கும் கணவர் சிரித்துக்கொண்டே ஏணியைத் தேடுவார். அவளும் சேர்ந்து சிரிப்பாள். வேலைமேல் அப்போது அவ்வளவு நம்பிக்கை.

அந்த வருஷத்துக் குழுவில் ஒரு பையன் வந்து சேர்ந்தான். முதல் நாள் கையில் கொடுத்த மைக்கைத் திருப்பித் தர மனசில்லாமல் மதியச் சாப்பாடுவரை பேசியதில் 'மைக்' என்றே பேர் விழுந்துவிட்டது. அவன் பேச ஆரம்பித்தால் கேட்கிறவர் கையிலிருக்கும் டீ ஆறிப்போகும். அவளும்தான் மயங்கினாள். மற்றப் பிள்ளைகள் தட்டுத் தடுமாறினால் பொறுமையில்லாமல், "நீ சொல்லுப்பா மைக்" என்று அவனை எழுப்பிவிட்டதும் அவள்தான். குழுத் தலைவர் தேர்தலில் அவன் ஜெயித்தான். ஜெயித்த மறுவாரத்திலிருந்து, நாற்காலி தூக்கும் நேரம் பார்த்து அவனுக்கு போன் வந்துவிடும். அவள் கண்டும் காணாமல் விட்டாள்.

குறையைக் கண்டுபிடித்தவள் வேறொருத்தி. தையற்கடையில் வேலை செய்கிற பெண், வாய்க்குள்ளேயே பேசுகிறவள். பேருந்து நிலையத்தில் பெண்கள் கழிப்பறை, குழாய் உடைந்து, பூட்டுத் துருப்பிடித்துக் கிடந்தது. அங்கே பழம் விற்கிறவர்கள், பெருக்குகிறவர்கள், சீட்டுக் கொடுக்கிறவர்கள் எல்லாம் காலையிலிருந்து தொண்டை நனைக்காமல் இருப்பார்கள். தாங்க முடியாமல் போனால் பணிமனைச் சுவருக்குப் பின்னால் ஒதுங்க வேண்டும். அங்கே டிரைவர்கள் வேண்டுமென்றே ஹாரன் அடிப்பார்கள். தையற்கடைப் பெண் ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார்ந்து கேட்டு வந்து இதைச் சொன்ன அன்றே, குழு அதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டது.

நகராட்சிக்கு மனு போனது. "குழாய் மாத்தணும்னா ரோட்டத் தோண்டணும், பாக்கலாம்" என்றார் அதிகாரி. அவர் பார்த்துக்கொண்டே இருந்தபோது, நிதி கொடுக்கும் அறக்கட்டளையிலிருந்து விருந்தினர்கள் வருவதாகத் தகவல் வந்தது. நிறுவனத்தின் இயக்குநருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"அவங்க வர்றதுக்குள்ள ஏதாவது ஒண்ணு கண்ணுக்குத் தெரியணும் மேடம்."

கண்ணுக்குத் தெரிய வைக்கும் பொறுப்பை மைக் எடுத்துக்கொண்டான். கழிப்பறைக்கு வெள்ளையடித்தார்கள். கூரையில் வாடகைத் தொட்டி ஏறியது. அவன் சித்தப்பாவின் லாரி வந்து ஒரு தடவை தண்ணீர் நிரப்பியது.

"இந்தத் தண்ணி தீர்ந்துட்டா?" என்று அவள் கேட்டாள்.

"அது அடுத்த கட்டம்க்கா. முதல்ல சின்னதா ஒரு வெற்றியக் காட்டணும்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

தன் வாக்கியத்தை அவன் வாயில் கேட்டபோது, யாரோ கடித்து வைத்த பழத்தை நீட்டியது போல இருந்தது. இருந்தும் அவள் நிறுத்தவில்லை. ரிப்பன் வாங்கி வந்ததும் அவளேதான்.

திறக்கப் போகிறார்கள் என்ற செய்தி பெண்களிடம் பரவியிருந்தது. அதை நம்பி, அன்று காலையில் அவர்கள் எல்லோரும் தாராளமாகத் தண்ணீர் குடித்துவிட்டிருந்தார்கள். விருந்தினர்களின் கார் வரத் தாமதமானது. கதவுக்கு முன்னால் வரிசை நீண்டது. கதவின் குறுக்கே சிவப்பு ரிப்பன். அதற்கு முன்னால் வெள்ளைச் சட்டையில் மைக், இரண்டு கைகளையும் விரித்தபடி.

"ரெண்டே நிமிஷம்மா. வந்துக்கிட்டே இருக்காங்க."

அந்த இரண்டு நிமிஷம் ஒரு மணி நேரத்தைத் தொட்டது. வரிசையின் முன்னால் பழக்கார அம்மா, சர்க்கரை நோய்க்காரி, காலை மாற்றி மாற்றி நின்றாள்.

"தம்பி, நான் மட்டும் போயிட்டு வந்துர்றேன்ப்பா. தரைய அழுக்காக்க மாட்டேன்."

"ஒருத்தர விட்டா எல்லாரும் நுழைவீங்க. உள்ள ஈரமாயிடும், போட்டோ எடுக்கணும்ல?" அவன் சிரித்தான். "இத்தன வருஷம் தாங்கினீங்க, இன்னும் பத்து நிமிஷம் தாங்க மாட்டீங்களா?"

வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் விருந்தினர் மேசையில் தண்ணீர் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்த ஒருங்கிணைப்பாளர் தலை நிமிர்ந்தாள். பழக்கார அம்மா கேட்பதை நிறுத்தியிருந்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள். அவள் காலடியிலிருந்து சிமெண்டுத் தரையில் ஈரம் ஒரு கோடாக ஓடி மைக்கின் ஷூவை நோக்கிப் போனது.

அவன் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். "சீ" என்றான். பிறகு தையற்கடைப் பெண்ணைப் பார்த்து, "ஏய், போய் ஒரு துணி எடுத்துட்டு வா. சீக்கிரம் தொடச்சிடு, கார் வந்துடும்" என்றான்.

அவள் துணி எடுத்து வந்தாள். பாட்டில்கள் உருள, விருந்தினர் மேசை விரிப்பையே உருவி வந்து, பழக்கார அம்மாவின் இடுப்பைச் சுற்றிக் கட்டினாள். தரையைத் துடைக்கவில்லை.

ஒருங்கிணைப்பாளர் உருண்ட பாட்டில்களைத் தாண்டிக் கதவுக்கு வந்தாள். அவன் மேல் வந்த அருவருப்பா, அவனை எழுப்பி எழுப்பிப் பேசவிட்ட தன் மேல் வந்ததா என்று பிரித்துப் பார்க்க அவளுக்கு நேரமில்லை. தட்டில் வைத்திருந்த கத்தரிக்கோலை எடுத்தாள்.

"அக்கா! என்ன பண்றீங்க?"

"தள்ளு."

"சார் கேட்டா நான் என்ன சொல்றது?"

"நான் வெட்டினேன்னு சொல்லு. தள்ளுடா அங்கிட்டு!"

ரிப்பன் இரண்டாகத் தொங்கியது. பெண்கள் அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தார்கள். யாரும் நன்றி சொல்லவில்லை. சொல்லும் நிலையிலும் இல்லை.

கார் வந்தது. இயக்குநர் பதறிக்கொண்டு ரிப்பனை முடிச்சுப் போட்டார். முடிச்சு தெரியாதபடி மைக் அதன் முன்னால் நின்றான். விருந்தினர் மறுபடி வெட்டினார்கள், எல்லோரும் கைதட்டினார்கள். மைக் பேசினான். 'இந்தத் தாய்மார்களின் வேதனையை என் கண்ணால் பார்த்தேன்' என்று சொல்லும்போது குரல் சரியான இடத்தில் உடைந்தது. விருந்தினர் அம்மாள் ஒருவர் கைக்குட்டையை எடுத்தார். பழக்கார அம்மா அதற்குள் வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் கூடைமேல் சாக்கு மூடிக் கிடந்தது.

தொட்டி மறுநாளே வறண்டது. கதவில் புதுப் பூட்டு ஏறியது.

"உணர்ச்சிவசப்பட்டுட்டீங்க மேடம்" என்றார் இயக்குநர். "அந்தப் பையனப் பாருங்க, எவ்வளவு அழகாச் சமாளிச்சான். அடுத்த குழுவுக்கு அவன உங்களுக்குத் துணையாப் போடலாம்னு இருக்கேன்."

"சார், அந்தம்மா அவன் முன்னாடியே..."

"தெரியும், தெரியும். வருத்தமான விஷயம்தான்." அவர் போட்டோக்களைப் பார்ப்பதற்குத் திரும்பிவிட்டார்.

ஒருங்கிணைப்பாளர் தையற்கடைப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு பழக்கார அம்மாவின் வீட்டுக்குப் போனாள். கதவு பாதிதான் திறந்தது.

"இப்ப எதுக்கு வந்தீங்க? போட்டோவுக்கா?"

"இல்லம்மா. மன்னிப்புக் கேக்கலாம்னு..."

"கேட்டுட்டீங்கல்ல? போங்க." துவைத்து மடித்த மேசை விரிப்பை நீட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் பேருந்து நிலையத்துக்கே வரவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் கூடை போட்டிருப்பதாகக் கேள்வி.

நடந்ததையெல்லாம் ஒருங்கிணைப்பாளர் அன்று தன் வீட்டில் கொட்டினாள். மாமியார்கூடக் குத்திப் பேசவில்லை. "அந்த எடத்துல நீ எப்படி இன்னும் சாப்பிடுற?" என்று மட்டும் கேட்டார். "விட்டுட்டு வந்துரு, பாத்துக்கலாம்" என்றார் கணவர். அந்தக் குழுவின் கடைசி வகுப்பு முடிந்ததும் விட்டுவிட்டு வந்தாள். வழியனுப்பு விழாவில் மைக் அவளைப் பற்றி அருமையாகப் பேசினானாம். அவள் போகவில்லை.

தையற்கடைப் பெண்ணும் இன்னும் இரண்டு பிள்ளைகளும் மட்டும் விடவில்லை. நிலையத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வாராவாரம் அந்த அதிகாரியின் அறைக்கு வெளியே போய் உட்கார்ந்தார்கள். பேச்சே இல்லை, சும்மா உட்கார்வதுதான். கூச்சம் தாங்காமலோ தொல்லை தாங்காமலோ அவர் ரோட்டைத் தோண்டவிட்டார். மழைக்காலம் முடிந்து குழாய் வந்தது. யாரும் எதையும் வெட்டவில்லை. பெருக்குகிற அம்மா ஒருத்தி பூட்டைத் திறந்துவிட்டுப் போனாள், அவ்வளவுதான். ஆனால் ஒரே வாரத்தில் நிறுவனம் சுவரில் பலகை மாட்டிவிட்டது: நிறுவனத்தின் பேர், கீழே 'இளம் தலைவர்' என்று மைக்கின் படம்.

இப்போது அவள் ஒரு டிரைவிங் பள்ளியில் மேசை வேலை பார்க்கிறாள். பேருந்து மாறும்போது சில சமயம் அந்தக் கழிப்பறைக்குள் போவாள். தரை சொதசொதவென்றிருக்கும், வாளிக்குப் பிடி இருக்காது, நாற்றமும் உண்டு. ஆனாலும் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். வெளியே வரும்போது ஒருநாள் பார்த்தாள்: பலகையில் மைக்கின் சிரிப்புமேல் யாரோ காறித் துப்பியிருந்தார்கள். பையில் கைக்குட்டை இருந்தது. அவள் துடைக்கவில்லை. பேருந்து வந்ததும் ஏறிப் போய்விட்டாள்.