தீபாவளி அன்று போட்ட ஊசி

1. வெள்ளிக்கிழமை காலை

முதல் மணி அடிப்பதற்குள் போன் வந்துவிட்டது. எல்.கே.ஜி. பையன் ஒருவனின் அப்பா பேசினார். "சிஸ்டர், பயலுக்கு மேலெல்லாம் செவந்து கெடக்கு. டாக்டர் தட்டம்மைங்காரு."

கல்யாண வீட்டுக்குப் போய் ஒரு வாரம் லீவில் இருந்த பையன், வியாழக்கிழமை ஒரு நாள்தான் வகுப்புக்கு வந்திருந்தான். தட்டம்மைக்கு அந்த ஒரு நாள் போதும். ஊசி போடாத பிள்ளை யாராவது அங்கே உட்கார்ந்திருந்தால், மூன்று நாளைக்குள் ஊசி போட்டுவிட்டால் தப்பிக்க வாய்ப்பு உண்டு. அதாவது ஞாயிற்றுக்கிழமைக்குள்.

நான் பதறவில்லை. சிவகாசிப் பக்கம் அந்தத் தனியார் பள்ளியில் அப்போது நர்ஸாக எனக்குப் பன்னிரண்டு வருஷ சர்வீஸ். தடுப்பூசி அட்டை இல்லாமல் எல்.கே.ஜி.யில் யாரும் சேர முடியாது. அட்டையைப் பார்த்து 'சரிபார்க்கப்பட்டது' என்று முத்திரை குத்துவது நான்தான். முத்திரை இல்லையென்றால் இடம் இல்லை. அதை வைத்துக்கொண்டு நான் கொஞ்சம் ஆட்டமும் ஆடியிருக்கிறேன். அந்த ஜூன் மாதம் ஆலங்குளத்திலிருந்து வந்த ஓர் அம்மாவின் அட்டையில் மஞ்சள் கறை, ஒரு சீல் அழிந்திருந்தது. மூன்று தடவை திருப்பி அனுப்பினேன். அதே வாரம் முனீஸ்வரி என்கிற பட்டாசுத் தொழிலாளி தன் மகள் தர்ஷினிக்குக் கொண்டுவந்த அட்டை அவ்வளவு சுத்தம். எல்லாக் கட்டத்திலும் தேதி, சீல். வரிசையில் நின்றவர்களிடம் அதைத் தூக்கிக் காட்டி, "அட்டைன்னா இப்படி வச்சிருக்கணும்" என்று பாராட்டினேன். முனீஸ்வரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூச்சம் என்று நினைத்தேன்.

2. தலைதீபாவளி

சுகாதார நிலையத்தில் செல்வராணி என்று ஒரு நர்ஸ். தடுப்பூசி போடுவது அவள்தான். தகவல் சொன்னதும், வகுப்புப் பிள்ளைகளின் தட்டம்மை ஊசித் தேதிகளை வாசிக்கச் சொன்னாள். போனில் வாசித்துக்கொண்டே வந்தேன். தர்ஷினியின் தேதி வந்ததும் நிறுத்தினாள்.

"அக்கா, இன்னொருக்கா சொல்லுங்க."

சொன்னேன்.

"அன்னைக்கு தீவாளிக்கா. எம் மகளுக்குத் தலைதீவாளி, அதான் தேதி மறக்கல. நான் வீட்டுல அதிரசம் சுட்டுக்கிட்டுல்ல இருந்தேன். அன்னைக்கு யாருக்குக்கா ஊசி போட்டேன்?"

எங்கள் பக்கம் தடுப்பூசி நாள் புதன்கிழமை. எங்கள் ஊரில் காலண்டருக்கா பஞ்சம்? ஆபீஸ் அலமாரியில் கிடந்த பழைய காலண்டர்களை எடுத்துவந்து, கோப்பில் இருந்த அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மத்தியானம் சாப்பிடவில்லை. பெரும்பாலான அட்டைகளில் புதன்கிழமை. தனியார் டாக்டரிடம் போட்டவற்றில் டாக்டர் சீல் இருந்தது. மிச்சம் ஏழு அட்டைகளில் சுகாதார நிலைய சீல், ஆனால் ஞாயிற்றுக்கிழமை, பொங்கல், தீபாவளி. ஏழிலும் என் முத்திரை இருந்தது.

மறுபடி செல்வராணியைக் கூப்பிட்டேன். "ஒரு பிள்ளைக்காக மருந்துக் குப்பிய உடைக்க முடியாதுக்கா. பத்துப் பேருக்கான மருந்து. உடைச்சா நாலு மணி நேரத்துல மிச்சத்தக் கொட்டிரணும்," என்றாள். "ஏழு பேருன்னா டாக்டர் ஒத்துக்கிடுவாரு. ஆனா தாய்மாரு வந்து, போடலன்னு வாயால சொல்லணும். நாளைக்கு ஸ்கூலுக்கு வரச் சொல்லுங்க, நான் மருந்தோட வாறேன்."

3. வேன் நிற்கும் இடம்

பட்டாசுக் கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. சாயங்காலம் கம்பெனி வேன் வந்து நிற்கும் இடத்தில் காத்திருந்தேன். முனீஸ்வரி இறங்கினாள். கையிலும் காதோரத்திலும் வெள்ளி மாதிரி அலுமினியப் பொடி. அட்டையை நீட்டினேன். பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"பொய்தான் சிஸ்டர். பொறந்தப்ப போட்டது நெசம், ஒன்றரை மாசத்து ஊசி நெசம். அதுக்கப்புறம் வேலைக்கு வந்துட்டேன். நீங்க அட்டை இல்லாட்டி சீட்டு இல்லன்னீக. தம்பி பிரஸ்ல வேல பாக்கான், அவன்தான் அடிச்சுக் குடுத்தான்."

"பொய் எழுதுனதுதான் எழுதுன, புதன்கிழமையா பாத்து எழுதக் கூடாதா? தீபாவளி அன்னைக்கா ஊசி போடுவாக?"

கோபத்தில்தான் கேட்டேன். அவள் யோசிக்காமல் பதில் சொன்னாள்.

"புதங்கிளமை எனக்கு ஏது சிஸ்டர் லீவு? போயிருந்தா ஞாயித்துக்கிளமை போயிருப்பேன், தீவாளிக்குப் போயிருப்பேன். அந்தத் தேதியத்தான் போடச் சொன்னேன்."

பொய் அட்டையில்கூட அவள் தனக்கு லீவு கிடைக்கிற நாளைத்தான் எழுதியிருக்கிறாள். தட்டம்மை விஷயத்தைச் சொன்னதும் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். "எம் புள்ளைக்கு ஒண்ணும் ஆயிராதுல்ல சிஸ்டர்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். மற்ற ஆறு பேர் வீட்டுக்கும் என்னை அவள்தான் கூட்டிப்போனாள். கையைக்கூடக் கழுவவில்லை.

4. பட்டியல்

மறுநாள் சனிக்கிழமையும் பள்ளி உண்டு. காலை எட்டு மணிக்குப் பிரின்சிபால் மேடத்திடம் சொன்னேன். கேட்டவுடன் அவர் கை நீட்டினார்.

"லிஸ்ட்டைக் குடுங்க சிஸ்டர். போலி அட்டை. ஏழு பேருக்கும் டி.சி. எழுதிரலாம். இன்ஸ்பெக்ஷன்ல நாம மாட்டக் கூடாது."

"டி.சி. எழுதிட்டா அந்தப் பிள்ளைகளுக்கு அம்மை வராதா மேடம்?"

இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு எரிகிறது. நாலு வயசுப் பிள்ளைகளுக்கு நோய் தொற்றியிருக்கலாம் என்கிறேன், மேடத்துக்குக் கோப்பு சுத்தமாக இருக்கவேண்டும் என்பதுதான் கவலை. பட்டியலைக் கொடுக்க மாட்டேன், அது சுகாதார நிலையத்துக்குப் போகிறது, தாய்மாரைக் கம்பெனியிலிருந்து அனுப்பச் சொல்லுங்கள் என்றேன். அவர் தாளாளருக்குப் போன் போட்டு என்னிடம் நீட்டினார்.

தாளாளருடையதுதான் அந்தப் பட்டாசுக் கம்பெனியும். ஏழு தாய்மாரும் அங்கேதான் வேலை பார்த்தார்கள், லீவு கிடைக்காமல் அந்நேரம் உள்ளே போயிருந்தார்கள்.

"என்ன சிஸ்டர், சீசன் நேரத்துல ஏழு பேரை அனுப்பச் சொல்றீங்க. லோடு நிக்குது."

"ஐயா, அட்டை இல்லாம சேக்காதீங்கன்னு சொன்னது நீங்க. புதன்கிழமை லீவு கெடையாதுன்னு சொன்னதும் நீங்க. நடுவுல அந்தப் பொம்பளைக எங்கன போவாக?"

அப்படி நான் யாரிடமும் பேசியதில்லை.

"பேப்பர்ல வந்தா பள்ளிக்கூடத்துப் பேரு கெட்டுரும்," என்று இழுத்தார். பிறகு, "ரெண்டு மணி நேரம். வேன்ல வருவாங்க, வேன்லயே திரும்பிரணும்."

அவர் மனம் இளகியது என்று நான் எழுத மாட்டேன். பேருக்குப் பயந்தார், அவ்வளவுதான். ஆனால் வேன் வந்தது.

5. மெமோ

செல்வராணி ஐஸ் பெட்டியோடு என் அறைக்கு வந்தாள். ஏழு தாய்மாரும் அவள் கேட்டதற்கு உள்ளதைச் சொன்னார்கள். வேலை உடுப்போடு பிள்ளையைத் தொட முனீஸ்வரி தயங்கினாள், அதனால் தர்ஷினியை நான்தான் மடியில் பிடித்துக்கொண்டேன். ஊசி இறங்கியதும் என் கையைக் கடித்துவைத்தாள். அதன் பிறகு மூன்று வாரம், தினமும் காலையில் அந்த ஏழு நெற்றிகளையும் தொட்டுப் பார்த்தேன். யாருக்கும் அம்மை வரவில்லை.

எனக்கு மெமோ வந்தது. 'போலி அட்டைகளைச் சரிபார்க்காமல் ஏற்றுக்கொண்டதற்கு விளக்கம் தரவும்.' அச்சு சுத்தமாக இருந்ததால் ஏமாந்தேன், என் தவறுதான் என்று எழுதினேன். கூடவே, தாய்மாருக்கு எந்தப் புதன்கிழமை லீவு கொடுக்கப்பட்டது என்பதை நிர்வாகம் விளக்கவேண்டும் என்றும் எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை. டி.சி. பேச்சும் அதற்குப் பிறகு எழவில்லை. அடுத்த ஜூனிலிருந்து பள்ளியிலேயே ஊசி போட செல்வராணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். அதற்கு நானும் அவளும் அலைந்த அலைச்சல் தனிக் கதை.

கறை படிந்திருந்தாலும் உண்மையான அட்டை வைத்திருந்த ஆலங்குளத்து அம்மாவைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் மூன்று தடவை வந்ததற்கு மூன்று நாள் வேலையை விட்டிருந்தார். அதையும் நான் கேட்டபிறகுதான் சொன்னார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற நர்ஸ்களுக்கு ஒன்று சொல்கிறேன். தர்ஷினியின் புது அட்டையில் இருப்பது சனிக்கிழமை. புதன்கிழமை இல்லையே என்று நாளைக்கு யாராவது அதைத் திருப்பி அனுப்பலாம். அது உண்மையான ஊசி, கடித்த தழும்பு இன்னும் என் கையில் இருக்கிறது. அட்டை எங்கே என்று கேட்பதற்கு முன்னால், உங்களுக்கு என்றைக்கு லீவு என்று கேளுங்கள். பன்னிரண்டு வருஷம் முத்திரை குத்தினேன், ஒரு தாயிடமும் நான் அதைக் கேட்கவில்லை.