துணியில் தைத்த பெட்டை

சென்ற மாதம் ஒரு காலை, பச்சையும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாக அச்சிட்ட ராணுவப் பாணி டீ-ஷர்ட் ஒன்றை அணிந்து, வற்றிய குளத்தங்கரையில் ஒரு வேப்பமரத்தோடு முதுகை ஒட்டி அமர்ந்திருந்தேன்.

எனக்கு வயது எழுபது கடந்துவிட்டது. கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்து ஓய்வு பெற்றவன். வெள்ளைச் சட்டை தவிர வேறொன்றில் இந்தப் பத்தியின் வாசகர்கள் என்னைக் கண்டதில்லை — மேலே உள்ள புகைப்படமே சாட்சி.

எதற்கு இந்த வேடம்? ஒரு வான்கோழிக்காக.

அவிநாசிபாளையத்தை அடுத்து, தாராபுரம் சாலையிலிருந்து சற்று உள்ளே எங்கள் வீடு. கொல்லையில் ஒரு வான்கோழிச் சேவல். என் மனைவி குஞ்சாக வாங்கி வளர்த்தது. பங்குனி பிறந்ததும் அதற்கு ஒரு பெட்டை பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். தை மாதம் அவர் காலமானார்.

அதைப் பற்றி இங்கே எழுதியதில்லை. இன்றும் எழுதப்போவதில்லை.

சேவலை யாருக்காவது கொடுத்துவிட எண்ணினேன். கேட்டவர்கள் அனைவரும் பிரியாணியை மனத்தில் வைத்தே கேட்டார்கள். முடிவைத் தள்ளிப்போட்டேன். ஒரு நாள் கோடைமழைக்கு முந்திய காற்று கூண்டின் வலையைக் கிழித்தது. முடிவைச் சேவலே எடுத்துக்கொண்டது... பறந்துவிட்டது.

தொலைவாகப் போகவில்லை. இரவில் குளத்தங்கரை மரத்தில் அடைகிறது. பகலில் சீமைக்கருவேலப் புதர்களிடையே மேய்கிறது. அதே குளத்தின் மறுகரையில் கறிக்கடைக் கழிவைக் கொட்டுகிறார்கள். நாய்கள் கூட்டமாகத் திரியும் இடம். வீட்டுத் தீவனத்தில் வளர்ந்த பறவை அங்கே எத்தனை நாள் தாங்கும்? என் மனைவி கையில் தின்ற உயிர் நாய் வாயில் போகக் கூடாது. நான் வேண்டியது அவ்வளவே.

பக்கத்து நகரின் ராயபுரத்தில் கட்டிங் வேஸ்ட் — பனியன் கம்பெனிகளில் வெட்டியது போக மிஞ்சும் துண்டுத் துணி — வியாபாரம் செய்யும் காதர் பாய் என் நெடுநாள் நண்பர். அவரும் நானும் மக்காச்சோளம் போட்ட தட்டோடு அதைத் துரத்தினோம். இருவருக்கும் மூச்சு வாங்கியது. சேவலுக்கு வாங்கவில்லை.

“ஏனுங்க சார், நம்ம ரெண்டு பேத்து வயசையும் கூட்டிப் பாத்துத்தான் அது ஓடுதுங்களாட்ட” என்றார் காதர் பாய், இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

என் மகன் டெக்ஸாஸில் இருக்கிறான். தை மாதத்திலிருந்து தினமும் வீடியோ காலில் வருவான். “சாப்பிட்டீங்களாப்பா?” “ஆயிற்று.” “இங்கயே வந்துருங்கப்பா.” “பார்க்கலாம்.” இந்த நான்கு வரிக்குள் எங்கள் உரையாடல் முடிந்துவிடும். அன்று ஐந்தாவது வரியாக, சேவல் குளத்தங்கரைக்குப் போய்விட்டது என்றேன்.

திரையருகே முகத்தைக் கொண்டுவந்தான். பிறகு, “எந்த மரத்துல அடையுதுங்ப்பா?” என்றான். குரலே வேறாக இருந்தது.

கரப்பான்பூச்சியைக் கண்டு கட்டிலில் ஏறி நின்றவன், அலுவலக நண்பர்களோடு வசந்தகால வான்கோழி வேட்டைக்குப் போய்வருகிறானாம்! இதுவரை ஒன்றும் சிக்கவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் பாடம் முழுவதும் தெரிந்திருக்கிறது.

“தொரத்தவே கூடாதுங்ப்பா. அதாத்தான் வரணும். வெள்ளைச் சட்டை போட்டுட்டுப் போயிராதீங்க, அதுக்குக் கண்ணு ரொம்பக் கூர்மை. அகலமான மரமாப் பாத்துச் சாஞ்சு உக்காருங்க. கையக் கால ஆட்டாதீங்க. முன்னாடி வெட்டவெளில ஒரு போலிக் கோழிய வெச்சிருங்க.”

போலிக் கோழிக்கு எங்கே போவது? அந்த ஊரில் கடையில் விற்கிறார்களாம். இந்த ஊரில் காதர் பாய் இருக்கிறார்.

மறுநாளே தையல் போட்டுத் துண்டுத் துணி திணித்து ஒன்றைக் கொண்டுவந்தார். விரித்த தோகை, சிவப்புப் பனியன் துணியில் கழுத்துத் தொங்குசதை, மார்பு நிமிர்ந்த ஆண் வான்கோழி. கூடவே, ஏற்றுமதியில் ரிஜெக்ட் ஆன டீ-ஷர்ட் எனக்கு. “டபுள் எக்ஸெல்தானுங்க இருந்துச்சு. மரத்தோட மரமாத் தெரிவீங்க” என்றார்.

அதைக் குளத்தங்கரையில் நிறுத்தினோம். எங்கள் சேவல் புதரிலிருந்து தலையை நீட்டியது. துணிச் சேவலைப் பார்த்தது. ஒரு கணம்தான்... திரும்பி, வந்ததைவிட வேகமாக ஓடியது.

அன்று மாலை இதைக் கேட்டு மகன் சிரித்தான். வாய்விட்டு. நானும் சிரித்திருக்கிறேன் போலும். வாசலில் நின்ற காதர் பாய் உள்ளே எட்டிப் பார்த்தார்.

“அது தனியா வளந்த பையனுங்ப்பா. அத்தாம் பெரிய ரவுடிய எதுக்க நிறுத்துனா ஓடாம என்ன பண்ணும்? பெட்டையா வெய்ங்க. கழுத்த நிமித்தி வெக்காதீங்க, எதையோ பாத்துப் பயந்துட்டாளாட்டத் தெரியும். தலையக் குனிஞ்சு நிம்மதியா மேயற மாதிரி இருக்கோணும்” என்றான் மகன்.

நிம்மதியாக மேய்வதைத் துணியில் தைப்பது எளிதா? காதர் பாய் மூன்று முறை கழுத்தைப் பிரித்துத் தைத்தார். பழுப்பான, ரோமம் எழும்பிய ஃப்ளீஸ் துணியில் எளிமையான ஒரு பெட்டை உருவாயிற்று. சிறிது ஒருக்களித்து நின்றது. எனக்கே பிடித்திருந்தது.

மகன் பெட்டையின் குரலை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். மறுநாள் காலை பெட்டையை வெட்டவெளியில் நிறுத்தி, அதன் அருகே ஒரு புதருக்குப் பின்னால் காதர் பாயை ஒளித்து, மரத்தடியில் அமர்ந்து, அந்தக் குரலை ஒலிக்கவிட்டேன். எதிர்ப்புதருக்குள்ளிருந்து கடகடவென்று பதில் வந்தது. தோகையை விரித்துக்கொண்டு வெளியே வந்தது சேவல். பாதி தூரம் வந்து... நின்றுவிட்டது.

மீண்டும் ஒலிக்கவிட்டேன். கத்தியது, நகரவில்லை. இன்னொரு முறை. நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றியது. அப்போதுதான் மகன் வற்புறுத்திச் சொன்னது நினைவுக்கு வந்தது. இயற்கையில் சேவல் அழைக்கும், பெட்டை தேடிப் போகும். நாம் அந்த ஒழுங்கைத் தலைகீழாக்குகிறோம். ஆகவே அது பாதியில் நின்று, ‘நீ வா’ என்று காத்திருக்கும். மேலும் மேலும் அழைத்தால் அங்கேயே நிற்கும். அழைப்பை நிறுத்தினால்தான் அதற்குச் சந்தேகம் வரும் — போய்விட்டாளோ?

போனை அணைத்தேன்.

எறும்பு காலில் ஏறியது. மறுகரையில் நாய்கள் குரைத்தன. ஒன்று கரையேறிப் பார்த்தது. கையைத் தட்டி விரட்டினால் சேவலும் போய்விடும். எழாமல் மரத்தில் இன்னும் அழுத்திச் சாய்ந்துகொண்டேன். நாய் ஆர்வமின்றித் திரும்பிற்று. சேவல் ஓரடி வைத்தது. மற்றோர் அடி. துணிப்பெட்டையின் அருகே வந்து, தலையைச் சாய்த்து, அது மேயும் இடத்தில் என்னதான் இருக்கிறது என்று பார்க்கக் குனிந்தது.

புதருக்குப் பின்னிருந்து காதர் பாய் அகலமான கறுப்புப் பனியன் துணியை வீசினார். இருட்டிவிட்டதாக நம்பி அது அப்படியே அடங்கிவிட்டது.

“புடிச்சாச்சுங்க சார்!” என்று கத்தினார். “பாத்தீங்களா, என்ற துணிய!”

அந்தப் பெரிய பறவையை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். துணிக்குள் அதன் இதயம் அடிப்பது கைக்குத் தெரிந்தது.

மகனிடம் சொன்னபோது அங்கே இரவு. நடந்த அனைத்தையும் மீண்டும் மீண்டும் கேட்டான். பாதியில் நின்றதை, நான் போனை அணைத்ததை, அது தானாக வந்ததை. பிறகு சொன்னான்: “நானும் கொஞ்சம் ஓவராத்தான் கூப்பிட்டுட்டனுங்ப்பா.”

இப்போது அவன் வாரத்தில் ஓரிரு நாள்தான் பேசுகிறான். மற்ற நாள்களில் நான் கூப்பிடுகிறேன்.

யோசித்துப் பாருங்கள். துயரத்தில் ஒதுங்கியவரை நாம் எப்படி அழைக்கிறோம்? வா, வா என்று ஓயாமல். நமது கலகலப்பையெல்லாம் நிமிர்த்தி எதிரில் நிறுத்துகிறோம். ஒருவேளை, பார்வையில் படும் இடத்தில் தலையைக் குனிந்து, நம் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும்... அவர் வந்துவிடுவார்.

கிழிந்த வலையைக் கட்டியாயிற்று. சேவல், கூண்டில் நிறுத்திய துணிப்பெட்டையைச் சுற்றிச் சுற்றி வந்து தோகை விரிக்கிறது. இரண்டு நாள் பொறுத்தேன். அதற்குமேல் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. காதர் பாயை அழைத்துக்கொண்டு குன்னத்தூர் சந்தைக்குப் போனேன்.

நல்ல பெட்டையாக ஒன்றைத் தேர்ந்தேன். விற்ற பெண்மணி அதன் காலைக் கட்டியபடியே கேட்டார்:

“வளக்கறதுக்குங்களா சாமி, கறிக்குங்களா?”

தை மாதத்துக்குப் பிறகு யோசிக்காமல் நான் சொன்ன முதல் பதில் அது: “வளர்க்கத்தாங்க.”