கண்ணீர்ப் பரிசோதனைக்குப் போன காலை

அப்பாவுக்கு இடது கண் போய்விட்டது. வலது கண்ணும் போகிறதா என்று அவருடைய கண்ணீரிடம் கேட்கப் போனோம்.

நான் சிறு பிள்ளையாக இருந்தபோது அவர் இராக்கில் லாரி ஓட்டினார். போர்க்காலம். விஷவாயு பட்ட சிப்பாய்களை ஏற்றிவந்த லாரியைக் கழுவச் சொன்னார்கள், கழுவினார். பூண்டு வாசனை அடித்தது என்பார், அவ்வளவுதான். கண் வீங்கியது, வடிந்தது, ஆறியது. மைசூரில் வீடு பிடித்து எங்களை வளர்த்து முடித்தபின், கருவிழி மங்கத் தொடங்கியது.

"இந்தச் சேதம் பல வருஷம் தூங்கிட்டு எழுந்திருக்கும். உள்ள எரிச்சல் நடக்குதான்னு கண்ணீர்ல இருக்கிற புரதம் சொல்லும். சொட்டு மருந்து விடாம, கண்ணத் தொடாம வாங்க" என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரிக் கூடத்தில் அப்பாவின் கண்கள் பொலபொலவென்று ஊற்றின. விரல்களில் வெங்காய நெடி.

"என்னப்பா இது?"

"ஸ்கேனுக்குப் போனா வயிறு முட்டத் தண்ணி குடிச்சிட்டு வரச் சொல்றாங்கல்ல? எனக்குக் கண்ணே காஞ்சு கெடக்குது. அதான், நீ சீட்டு வாங்கப் போனப்ப, பைல கொண்டாந்த நாலு சின்ன வெங்காயத்த உரிச்சேன். ஒண்ணுமில்லாம வந்து உக்காந்தா நல்லாவா இருக்கும்?"

சிரித்திருக்கலாம். வரவில்லை. சொன்னால் சோதனை தள்ளிப்போகும். சொல்லாவிட்டால், இத்தனை நீரில் அந்தப் புரதம் கரைந்து, உள்ளே எரிவது தெரியாமலே போய்விடும்.

மெல்லிய கண்ணாடிக் குழாயோடு வந்த பெண் குனிந்து பார்த்தாள். "அஜ்ஜா, கண்ணு யாக்கெ இஷ்டு கெம்பு?" தாத்தா, கண் ஏன் இவ்வளவு சிவப்பு என்கிறாள். சொல்லாதே என்று அந்த ஒற்றைக் கண் என்னைக் கெஞ்சியது.

சொல்லிவிட்டேன்.

குழாயைக் கீழே வைத்தாள். "ஐயோ அஜ்ஜா, ஜாஸ்தி அழுதா இங்க ப்ரைஸ் எல்லாம் குடுக்க மாட்டாங்க. வியாழக்கிழமை வாங்க. வெங்காயம் சாம்பார்லயே இருக்கட்டும்" என்றாள், கன்னடம் தோய்ந்த தமிழில்.

மண்டி மொஹல்லா சந்துகளில் ஆட்டோ ஊர்ந்தது. "ஏஞ்சாமி, காட்டிக் குடுத்துட்டியே" என்றார் அப்பா. பிறகு, எனக்குத் தைரியம் சொல்வதுபோல, கடைப் பலகைகளை உரக்கப் படிக்க ஆரம்பித்தார். பாத்திரக் கடை. மருந்துக் கடை. சரி, சரி. என் மூச்சு கொஞ்சம் இளகியது.

"சைக்கிள் கடை" என்றார்.

அது செல்போன் கடையாகி இரண்டு வருஷம். பச்சைப் பலகை, வெள்ளை எழுத்து, ஒவ்வொன்றும் முழ உயரம்.

"ஆமாப்பா" என்றேன்.

வியாழனுக்கு இன்னும் ஆறு நாள்.