எங்கள் வீட்டு எக்சைஸ்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டு முற்றத்தில் நிலநடுக்கம்.

பயப்படாதீர்கள். என் மகன் குத்தாலிங்கம் குதித்துக்கொண்டிருந்தான். அவ்வளவுதான்.

தென்காசிக்குப் புதிதாக வந்திருக்கிற ஒரு டாக்டர் இவனுடைய தொப்பையைத் தட்டிப் பார்த்திருக்கிறார். தனியாகச் செய்தால் ரெண்டே நாளில் விட்டுவிடுவீர்கள், வீட்டில் பிள்ளைகளோடு சேர்ந்து ஓடுங்கள், குதியுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். இவன் வந்து பெட்டியைக் கவிழ்த்துப் பழைய டவுசரைத் தேடினான். டவுசர் கிடைத்தது. இடுப்புதான் பழைய இடத்தில் இல்லை...

பேரனும் பேத்தியும் எண்ணிக்கை சொல்ல, அவர்கள் அப்பா தோப்புக்கரணம் போட்டான். உட்கார்ந்தான். அப்படியே இருந்தான்.

"ஏலே, உக்காந்தது சரி. எந்திரிக்கதுக்குத் தனி டாக்டரா?" என்று கேட்டேன்.

பேத்திக்கு அப்பா மேல் உயிர். "சும்மா இருந்து பேசாதீங்க ஆச்சி. நீங்க செஞ்சு காட்டுங்க பாப்போம்" என்று என்னைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

நானும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு செய்து காட்டினேன். கை ஊன்றாமல், மூச்சு வாங்காமல், பிள்ளைகள் எண்ணி அலுக்கிற வரைக்கும். மருமகள் அடுக்களையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்து பார்த்தாள். இதெல்லாம் எங்கே படித்தீர்கள் என்று கேட்டாள். நான் படித்தது ரெண்டாம் வகுப்பு. அங்கே எனக்கு ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தது தோப்புக்கரணம் ஒன்றுதான் என்று சொல்லிச் சமாளித்தேன். எல்லோரும் சிரித்தார்கள்.

குத்தாலிங்கம் சிரிக்கவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். அவனுக்குத் தெரியும்.

அவனுக்குத் தெரிந்ததை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். வாராவாரம் இந்தப் பக்கத்தில் என் கேலியைப் பொறுத்துக்கொள்கிறீர்கள். ஒரு வாரம் இதையும் பொறுத்துக்கொள்ள மாட்டீர்களா?

குத்தாலிங்கத்துக்குப் பிறகு ரொம்ப வருஷம் கழித்து எனக்கு ஒரு பெண் பிறந்தாள். உலகம்மை. எங்கள் ஊர்க் கோயில் அம்மன் பெயர். தென்காசியில் எந்தத் தெருவில் நின்று 'உலகு' என்று கூப்பிட்டாலும் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். எங்கள் உலகு திரும்பியெல்லாம் பார்க்க மாட்டாள். ஓடியே வந்துவிடுவாள்.

மூன்று வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. விட்டது. போகும்போது சும்மா போகவில்லை. இடது காலை எடுத்துக்கொண்டு போய்விட்டது. தூக்கி நிறுத்தினால் அந்தக் கால் ஈரத்துணி மாதிரி மடங்கியது.

இளம்பிள்ளை வாதம் என்றார்கள்.

அப்போது எங்களுக்குப் பார்த்த டாக்டர் வயசானவர். அதிகம் பேசமாட்டார். எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்று, இடுப்பிலிருந்து பாதம் வரைக்கும் காலை நீவி இழுத்துவிடு என்றார். விட்டுவிட்டால் கால் சூம்பிக் குட்டையாகிவிடுமாம். எல்லாவற்றுக்கும் மேலே தினமும் எக்சர்சைஸ் வேண்டும் என்றார்.

"பிள்ளை தனியாச் செய்யாது. நீயும் கூடச் செய்யணும். உன்னப் பாத்துத்தான் அது செய்யும்."

நடப்பாளா என்று கேட்டேன். அவர் நடப்பாள் என்று சொல்லவில்லை. "நிக்க வச்சுப் பாப்போம்" என்றார். அந்த ஒரு சொல்லை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தேன். என் பிள்ளை ரெண்டு காலில் நிற்க வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

அவர் சொன்ன இங்கிலீஷ் வார்த்தையை மட்டும் வழியில் தொலைத்துவிட்டேன்.

நான் பிறந்தது செங்கோட்டை. அந்தக் காலத்தில் அது திருவிதாங்கூர். எங்கள் ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த இங்கிலீஷ் ஒன்று உண்டு — எக்சைஸ். எல்லையில் வண்டியை நிறுத்தி, மூட்டையைக் குத்தி, சாராயமா புகையிலையா என்று துழாவுகிறவர்கள். வேறு எந்த வார்த்தை என் காதில் விழும்? நெல் மில்லிலிருந்து வீட்டுக்காரர் வந்ததும், பிள்ளைக்குத் தினமும் எக்சைஸ் வேண்டுமாம் என்று சொன்னேன். காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"எக்சைஸ்காரன் நம்ம வீட்டுக்கு எதுக்குட்டி வாரான்? நாம என்னத்தக் கடத்துதோம்?"

மறுநாள் மில்லில் யாரிடமோ விசாரித்து அர்த்தம் தெரிந்துகொண்டு வந்தார். ஆனால் பெயர் நிலைத்துவிட்டது. எங்கள் வீட்டில் அது கடைசி வரைக்கும் எக்சைஸ்தான்.

உலகு அதையே விளையாட்டாக்கிவிட்டாள். காலையில் பாயை விரித்தால் அவள் எல்லையைத் தாண்டுகிற வண்டி. நான் எக்சைஸ்காரன். வலது காலைத் தட்டி, இதில் என்ன கொண்டு போகிறாய் என்று அதிகாரமாகக் கேட்பேன். பலம் சார் என்பாள். இடது காலைத் தட்டுவேன்.

"இதுல ஒண்ணுமில்ல சார். வேணும்னா நல்லாத் தேடிப் பாத்துக்கிடுங்க."

சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பாள். நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டேதான் இடுப்பிலிருந்து நீவி இழுப்பேன். வலித்தால் அழமாட்டாள். என் மூக்குத்தியையே பார்த்துக்கொண்டு கிடப்பாள்.

அப்புறம் ரெண்டு பேரும் மல்லாந்து படுத்துக் காலைத் தூக்குவோம். நான் ரெண்டையும் தூக்குவேன். அவள் ஒன்றைத் தூக்குவாள். மற்றதைக் கையால் பிடித்துத் தூக்கிக் கணக்குக் காட்டுவாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்தால் உட்காருவாள், எழுந்தால் எழுவாள். குத்தாலிங்கம் அப்போது திருநெல்வேலியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தான். லீவுக்கு வந்தால் அவளை முதுகில் ஏற்றிக்கொண்டு தண்டால் எடுப்பான். ஆமாம், இதே குத்தாலிங்கம்தான். வீட்டுக்காரரும் ஒருநாள் கூடச் செய்தார். தொடையில் பிடித்துக்கொண்டது. எக்சைஸ் சர்க்கார் வேலை, நமக்கு ஒத்து வராது என்று எழுந்து போய்விட்டார்.

அந்தக் காலத்தில் நான் குதிர். நெல் கொட்டிவைக்கிற அந்தக் குதிரேதான். சொன்னது என் மாமியார். பார்வை நல்ல பார்வை. ஒரு வருஷத்தில் எனக்கு இடுப்பு என்று ஒன்று இருப்பது தெரிந்தது. வளையல் கழன்றது. ரவிக்கை தொளதொளத்தது. பாவம் பேச்சி, மகள் கவலையில் எப்படி இளைத்துவிட்டாள் என்று தெரு முழுக்க என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டது. கவலையில் யாராவது இளைப்பார்களா? கவலை வந்தால் எனக்கு ரெண்டு தோசை கூடவல்லவா போகும்?

விஷயம் வேறு. மகள் காலுக்கென்று அனுப்பிய பலமெல்லாம் விலாசம் மாறி என் காலுக்கு வந்துகொண்டிருந்தது. திருப்பி அனுப்ப ஒரு தபாலாபீஸும் இல்லை. இன்றுவரை அது என்னிடம்தான் இருக்கிறது.

தெருப் பிள்ளைகள் அவளை நொண்டி என்று கூப்பிட்டார்கள். அழுதுகொண்டு வருவாள் என்று பார்த்தேன். அவள் கட்டம் போட்டு, நொண்டியாட்டத்துக்கு வாருங்கள் என்று கூப்பிட்டாள். ஒற்றைக் காலிலேயே குடித்தனம் நடத்துகிறவளை ஒற்றைக் காலில் ஜெயிக்க முடியுமா? எல்லாரையும் தோற்கடித்தாள். மறுநாளிலிருந்து அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

யாரும் வரமாட்டேன் என்கிறார்கள், நீ வா என்று என்னிடம் வந்து நின்றாள். கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு போய் நடுத்தெருவில் நொண்டியடித்தேன். பக்கத்து வீட்டில் என் மதினி — வீட்டுக்காரரின் அக்கா — வாசலுக்கு வந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏட்டி பேச்சி, நாலு பேரு பாக்காங்கட்டி."

"பாக்கட்டும் மதினி. ரெண்டு பேரு ஆடுதோம், நாலு பேராவது பாக்க வேண்டாமா?"

அன்றைக்கும் உலகுதான் ஜெயித்தாள்.

சாரல் விழுகிற மாதங்களில் குற்றாலம். அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு தென்காசியிலிருந்து நடப்பேன். பஸ் இல்லாமல் இல்லை. ஆனால் பிள்ளையோடு நீயும் செய் என்று டாக்டர் சொல்லியிருந்தாரல்லவா? அவளால் நடக்க முடியாத நடையை வேறு யாராவது நடக்க வேண்டாமா... அப்படியெல்லாம் என் புத்தி வேலை செய்தது.

சிற்றருவியில் விழுகிற தண்ணீருக்கு நேரே அந்தக் காலை நீட்டிப் பிடிப்பேன். தண்ணீர் அடித்து அடித்துக் கால் சிவக்கும். சிவப்பைப் பார்த்ததும் உயிர் வந்துவிட்டது என்று தோன்றும். துவட்டினால் வெளுத்துவிடும்.

ஒரு வருஷம் வீட்டுக்காரரும் வந்திருந்தார். தண்ணீர் ஓடிவருகிற ஓடையில் ஒரு பள்ளம். அவள் நெஞ்சளவுக்குத் தண்ணீர். அதில் இறங்கி விளையாடிக்கொண்டிருந்தோம். திடீரென்று என் கையை விட்டாள். நின்றாள். ரெண்டு காலையும் ஊன்றி, கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, போலீஸ்காரன் மாதிரி நின்றாள்.

கரையில் கடலை தின்றுகொண்டிருந்த மனுஷன் பொட்டலத்தோடு தண்ணீரில் இறங்கிவிட்டார்.

அவள் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கரைக்கு வந்தாள். தண்ணீர் இடுப்புக்கு இறங்கியது, முழங்காலுக்கு இறங்கியது. மேட்டில் காலை வைத்ததும் விழுந்தாள். இவ்வளவு நேரமும் அவளைப் பிடித்துக்கொண்டிருந்தது தண்ணீர்தான் என்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

முழங்கையில் மண்ணைத் தட்டிக்கொண்டே கேட்டாள்:

"யம்மா, நாம தண்ணிக்குள்ளயே வீடு கட்டிக்கிடுவோமா?"

அவர் அந்தப் பக்கமாகத் திரும்பி வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார். பிழிய ஒன்றும் இல்லாத பிறகும் பிழிந்தார்.

அதற்குப் பிறகு அவள் எங்கும் நிற்கவில்லை. நாங்களும் எக்சைஸை விடவில்லை. எட்டு வயதில் அந்தக் கால் முருங்கைக்காய் மாதிரி இருந்தது. மற்றதைவிட நாலு விரற்கடை குட்டை. அந்த வருஷம் ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்து நெஞ்சில் சளி கட்டியது. அதே டாக்டர் வீட்டுக்கு வந்து பார்த்தார். எப்போது பார்த்தாலும் எக்சர்சைஸ் செய்கிறாயா என்று கேட்கிற மனுஷன், அன்றைக்கு அந்தப் பேச்சையே எடுக்காமல் பெட்டியை மூடிக்கொண்டு போனார். அதில் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

மறுநாள் காலையில் நான் பாயை விரிக்கவில்லை. அவள் கண்ணைத் திறந்து, இன்றைக்கு எக்சைஸ் வரவில்லையா என்று கேட்டாள். லீவு தாயி என்றேன்.

"ஒனக்கு எதுக்கு லீவு? ஒனக்கா காச்சல்? நீ செய்யி, நான் பாக்கேன்."

செய்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் படுத்துக் காலைத் தூக்கினேன். உட்கார்ந்து எழுந்தேன். முழுசாக உட்கார் என்று படுத்துக்கொண்டே திருத்தினாள். முழுசாக உட்கார்ந்தேன். நிறுத்தலாமா என்று நிமிர்ந்து பார்த்தபோது கண்ணை மூடியிருந்தாள். நிறுத்தினால் விழித்துக்கொண்டு கேட்பாளோ என்று இன்னும் கொஞ்சம் செய்தேன்.

தூங்கத்தான் செய்தாள். போனது அதற்கு மறுநாள் மத்தியானம்.

குளிப்பாட்டிக் கிடத்திய பிறகு, கால் கட்டைவிரல் ரெண்டையும் சேர்த்துக் கட்டுவார்களே — அதற்காக மதினி துணியைக் கிழித்துக்கொண்டு அவள் காலடியில் உட்கார்ந்தாள். கட்ட வரவில்லை. ஒரு விரல் கீழே இருக்கிறது. மற்றது நாலு விரற்கடை மேலே. பிடித்து இழுத்துப் பார்த்தாள். பைய பையத்தான் இழுத்தாள், பாவம்.

"பேச்சி, எட்ட மாட்டேங்குதுட்டி" என்று என்னைப் பார்த்து அழுதாள்.

வெளியே ஆண்கள் காத்திருந்தார்கள்.

அந்தக் காலைப் பற்றி என்னைவிட யாருக்குத் தெரியும்? அதை இழுத்துப் பிரயோஜனம் இல்லை. இத்தனை வருஷமும் நான் அதைத்தானே செய்துகொண்டிருந்தேன்? போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நல்ல காலின் முழங்காலுக்கு அடியில் கையைக் கொடுத்துக் கொஞ்சமாக மடக்கினேன். அது சொன்னபடி கேட்டது. எப்போதும் கேட்கிற கால். மேலே ஏறி வந்தது. விரலும் விரலும் தொட்டுக்கொண்டன.

"இப்பக் கட்டுங்க மதினி."

கட்டினாள். மடங்கின முழங்கால் தெரியாதபடி பாவாடையை இழுத்துவிட்டாள். நான் எழுந்து கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். என் மகளின் ரெண்டு பாதமும் ஒரே வரிசையில் இருந்தன.

உங்கள் வீட்டுப் பிள்ளை வந்து கையைப் பிடித்து இழுத்து, வா குதிக்கலாம் என்றால் போய்விடுங்கள். உடம்புக்கு நல்லதா என்று அப்புறம் விசாரித்துக்கொள்ளலாம்.